விடை தப்பா வருதா? அறிகுறியைச் சொல்லுங்க, கோளாறு எங்கன்னு பாத்துடலாம்

முப்பது, நாப்பது, அறுபது வயசுல திரும்ப கணக்கு படிக்க உக்காந்தவங்களுக்கு நான் சில வருஷமா சொல்லிக்கொடுத்துட்டு வரேன். சிலருக்கு விட்டுப்போன பரீட்சையை எழுதணும், சிலருக்கு வேலையில அளவு சதவீதம்னு தினம் வருது, சிலர் பிள்ளைங்க வீட்டுப்பாடத்தை நீட்டும்போது எழுந்து போகாம பக்கத்துல உக்காரணும்னு ஆசைப்படறவங்க. முதல் நாள் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "எனக்கு கணக்கே வராதுங்க". இது டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்ற மாதிரி, இதை வச்சு மருந்து கொடுக்க முடியாது, எங்க வலிக்குதுன்னு கேக்கணும். நான் பாத்த வரைக்கும் பெரியவங்களோட கணக்கு தப்புக்கள்ல பெரும்பாலானது ஏனோதானோன்னு வர்றது கிடையாது, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு விதி இருக்கு, அந்த விதி தப்பா இருக்கு, அவ்ளோதான். விதியைக் கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

அதனால முதல் வேலை, ரப்பரைத் தூக்கி ஓரமா வைங்க. தப்பான விடையை அழிக்காதீங்க, அதுதான் நம்ம கையில இருக்கற ஒரே தடயம். கட்டம் போட்ட நோட்டு ஒண்ணு எடுத்துக்கோங்க, தப்பு வந்த ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்துல "இது எப்படி வந்துச்சு"ன்னு ஒரு வரி எழுதுங்க. ஒரே மாதிரி தப்பு மூணு தடவை வந்தா அதுக்கு ஒரு வேர் இருக்கு, கீழ அந்த அறிகுறியைத் தேடிப் படிங்க. ஒவ்வொரு தப்பும் ஒவ்வொரு மாதிரி வந்தா பெரும்பாலும் களைப்பு, இல்லன்னா எண்களை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நேரா எழுதாதது, கட்டம் போட்ட நோட்டே அதுல பாதியைச் சரி பண்ணிடும். எல்லா அறிகுறியையும் வரிசையா படிக்கணும்னு அவசியமே இல்ல, உங்களோடதுக்கு நேரா போங்க.

அறிகுறி: கணக்கைப் பாத்ததும் தலை காலியாயிடுது

முதல்ல ஒரு சின்ன சோதனை. எது வரலையோ அதே கணக்கை யாரும் பக்கத்துல இல்லாதப்போ, கடிகாரம் பாக்காம, பேப்பர்ல எழுதிப் போட்டுப் பாருங்க. வந்துடுச்சுன்னா கோளாறு கணக்குல இல்ல, பயத்துல இருக்கு. அப்பவும் வரலைன்னா இந்தப் பகுதியை விட்டுட்டு கீழ போங்க.

பயம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. மனசுல ஒரே நேரத்துல பிடிச்சு வச்சுக்க முடியற விஷயம் ரொம்பக் குறைவு. ஏழு, ரெண்டு கூடலாம் ரெண்டு குறையலாம்னு ஜார்ஜ் மில்லர்ங்கற உளவியலாளர் 1956ல எழுதினாரு, பின்னாடி 2001ல நெல்சன் கோவன் அது உண்மையில நாலு கிட்டதான்னு சொன்னாரு. 18ஐ 3ஆல பெருக்கும்போது முதல்ல 8 × 3 = 24ன்னு வந்து, 4ஐ எழுதி, 2ஐ மனசுல வச்சுக்கணும் பாருங்க, அந்த 2 உக்கார்ற இடம் இது. "தப்பா சொல்லிட்டா என்ன நினைப்பாங்க"ங்கற எண்ணமும் அதே இடத்துலதான் வந்து உக்காரும், அதனால 2க்கு இடம் இல்லாமப் போயிடுது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் ரெண்டு பேரும் 2001ல இதை அளந்து காட்டினாங்க, கணக்கு பயம் அதிகமா இருக்கறவங்களுக்கு கணக்கு போடற அந்த நேரத்துல இந்த மன இடம் சுருங்குதுன்னு. ஆக தலை காலியாகறதுக்கு அறிவு கம்மின்னு அர்த்தம் கிடையாது, இடம் நிரம்பிடுச்சுன்னு அர்த்தம்.

ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வருவாரு. மூணு ரூமுக்கு ரூமுக்கு 18 மீட்டர் ஒயர் வேணும்னா எவ்வளவு எடுப்பீங்கன்னு பேச்சுவாக்குல கேட்டேன், "அம்பத்தி நாலு வரும், வெட்டு வளைவுக்கு பத்து பர்சன்ட் சேத்து அறுபதா எடுத்துருவேன்"னு கண் இமைக்கற நேரத்துல சொன்னாரு. அதே அரை மணி நேரத்துல போர்டுல 18 × 3ன்னு எழுதிட்டு சாக்பீஸை நீட்டினேன், அப்படியே நின்னுட்டாரு, கை நடுங்குது. ரெண்டும் ஒரே கணக்கு. இவருக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தா நேரம்தான் வீண்.

சரி பண்றது எப்படின்னா, மனசுல எதையும் வச்சுக்காதீங்க, எல்லாத்தையும் எழுதுங்க, நடுவுல வர்ற 2 கூட பேப்பர்ல இருக்கட்டும். கொஞ்ச நாளைக்கு கடிகாரம் வேண்டாம். யாராவது பக்கத்துல உக்காந்தா அவங்க விடையைக் கேக்கக்கூடாது, "அடுத்து என்ன பண்ணப்போறீங்க"ன்னு மட்டும் கேக்கலாம். அப்புறம் நீங்க தனியா இல்லங்கறதையும் தெரிஞ்சுக்கோங்க. 16லேந்து 65 வயசு வரைக்கும் உள்ளவங்களை வச்சு பெரும்பாலும் வசதியான நாடுகள் சேந்திருக்கற ஓஇசிடி அமைப்பு நடத்துற திறன் சர்வேயில, 2022-23 சுற்றுல, அந்த நாடுகளோட சராசரியைப் பாத்தா நாலுல ஒரு பெரியவர் கணக்குத் திறன்ல கீழ்மட்டமான லெவல் 1 இல்ல அதுக்கும் கீழ இருக்காங்க. வசதியான நாடுகள்லயே நிலைமை இதுதான்.

அறிகுறி: கழித்தல்ல மட்டும், அதுவும் பூஜ்யம் வந்தா, கண்டிப்பா தப்பு

502 − 178 போட்டுப் பாருங்க. சரியான விடை 324. உங்களுக்கு வேற வந்தா அந்த எண்ணைப் பாத்தே என்ன நடந்துச்சுன்னு சொல்லிடலாம்.

476ன்னு வந்துச்சா? அப்போ ஒவ்வொரு இடத்துலயும் பெரிய இலக்கத்துலேந்து சின்ன இலக்கத்தைக் கழிச்சிருக்கீங்க, 2ம் 8ம் இருந்தா 6, 0வும் 7ம் இருந்தா 7, 5ம் 1ம் இருந்தா 4. மேல எது கீழ எதுன்னு பாக்கவே இல்ல. சின்ன வயசுல "பெருசுலேந்து சிறுசைக் கழிக்கணும்"னு யாரோ சொன்னது அப்படியே தங்கிடுச்சு, முழு எண்ணுக்குச் சொன்ன பேச்சு ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒட்டிக்கிச்சு.

424ன்னு வந்துச்சா? இது வேற ஆள். கடன் வாங்கத் தெரியுது, பக்கத்துல பூஜ்யம் இருக்கு, அதை 9ஆ மாத்தணும்னு கூட ஞாபகம் இருக்கு, ஆனா அந்த 9 வந்தது 5 கிட்ட வாங்கினதுனாலங்கறது மறந்துபோச்சு, 5 அப்படியே 5ஆவே நிக்குது, 100 சும்மா கிடைச்சிடுச்சு.

இந்த மாதிரி தப்பெல்லாம் நான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. ஜான் சீலி ப்ரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு பேர் 1978லயே இதைப் பத்தி எழுதி, பக்கின்னு ஒரு கம்ப்யூட்டர் ப்ரோகிராமே செஞ்சாங்க. மாணவரோட தப்பு விடைகளைப் பாத்து உள்ள எந்த "பக்" (அதாவது தப்பான விதி) ஓடுதுன்னு கண்டுபிடிக்க ஆசிரியர்களைப் பழக்கறதுக்கு. பிள்ளைங்க விதியை மீறறதுனால தப்பு வரலை, ஒரு தப்பான விதியை ரொம்ப ஒழுங்கா பின்பற்றறதுனால வருதுங்கறதுதான் அவங்க காட்டினது. எனக்கு அதைப் படிச்சப்போ ஒரு பெரிய நிம்மதி வந்துச்சு, ஏன்னா அது வரைக்கும் "கவனமா போடுங்க, கவனமா போடுங்க"ன்னுதான் சொல்லிட்டு இருந்தேன். ஒழுங்கா தப்பு பண்றவங்ககிட்ட கவனத்தைக் கேட்டு என்ன பிரயோஜனம், அவங்க ஏற்கனவே கவனமாத்தான் இருக்காங்க.

இதுக்கு ரெண்டு வைத்தியம் இருக்கு, நான் முதல்ல கொடுக்கறது கடனே வாங்காத வழி. கழித்தல்னா ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரம், அவ்வளவுதான். 178லேந்து கிளம்புங்க, 180க்கு 2 அடி, 200க்கு இன்னும் 20, 500க்கு 300, 502க்கு 2. கூட்டினா 324. இல்லன்னா ரெண்டு எண்ணையும் 3 பின்னாடி நகத்துங்க, 499 − 175, தூரம் மாறாது, கடனும் வேண்டாம், 324. இது கைவந்ததுக்கு அப்புறம், ஒரு வாரம் கழிச்சு, பழைய கடன் முறைக்குத் திரும்பி வாங்க. அப்போ 502ங்கறதை நூறு அஞ்சு, பத்து எதுவும் இல்ல, ஒண்ணு ரெண்டுன்னு பாத்து, ஒரு நூறை உடைச்சா பத்து பத்து கிடைக்கும், அதுல ஒரு பத்தை உடைச்சா ஒம்பது பத்து மிஞ்சும்னு தெரியும்போது அந்த 9 எங்கேந்து வந்துச்சுங்கற கேள்வியே வராது. எந்த வழியில போட்டாலும் கடைசியில விடையையும் 178ஐயும் கூட்டி 502 வருதான்னு பாத்துடுங்க, பத்து செகண்ட் வேலை. 476 + 178 போட்டா 654, உடனே மாட்டிக்கும்.

அறிகுறி: வாய்ப்பாடு மறந்துபோச்சு

இதுக்காக ரொம்ப பேர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே திரும்பிப் போயிடறாங்க, மொத்த வாய்ப்பாட்டையும் முதல்லேந்து ஒப்பிக்கணும்னு நினைச்சு. உண்மையில மறந்தது எவ்வளவுன்னு எண்ணிப் பாருங்க. ஒண்ணுலேந்து பத்து வரைக்கும் 100 பெருக்கல். 1, 2, 5, 10 வாய்ப்பாடு எல்லாருக்கும் தெரியும், அதை எடுத்துட்டு, 7 × 8ம் 8 × 7ம் ஒண்ணுதான்னு வச்சா மீதி 21தான். 9ங்கறது பத்துல ஒண்ணு குறைவு, 9 × 7னா 70 − 7, அதையும் எடுத்தா 15. 4ங்கறது ரெண்டு தடவை இரட்டிக்கறது, 4 × 7னா 14, 28, அதையும் எடுத்தா மிஞ்சறது பத்தே பத்து: 3 × 3, 3 × 6, 3 × 7, 3 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8. இந்த பத்தை ஒரு சீட்டுல எழுதி பாக்கெட்ல வச்சுக்கோங்க. பாத்துப் பாத்துப் படிக்கறதை விட, மூடி வச்சு யோசிச்சு சொல்லிட்டு அப்புறம் திறந்து பாக்கறதுதான் தங்கும். மறந்த நேரத்துல தெரிஞ்சதுலேந்து போங்க, 7 × 8 வரலைன்னா 7 × 4 = 28, அதோட இரட்டிப்பு 56.

அறிகுறி: பின்னத்தைக் கூட்டினா விடை சின்னதாயிடுது

1/2 + 1/3 = 2/5ன்னு எழுதறவங்க ரொம்ப பேர். மேல மேல கூட்டி கீழ கீழ கூட்டி. 2/5ங்கறது அரையை விடக் குறைவு, அரையோட இன்னொண்ணைச் சேத்ததுக்கு அப்புறம் எப்படி அரையை விடக் குறையும்னு கேட்டா முழிப்பாங்க, ஏன்னா அவங்க கண்ணுல 1/2 ஒரு எண்ணாவே தெரியலை, கோட்டுக்கு மேல ஒரு எண், கீழ ஒரு எண், ரெண்டு தனித்தனி எண்ணாத்தான் தெரியுது. வேர் இங்கதான் இருக்கு. 1978ல அமெரிக்காவுல ஒரு தேசிய மதிப்பீட்டுல 13 வயசு பிள்ளைங்ககிட்ட 12/13 + 7/8 தோராயமா எவ்வளவுன்னு கேட்டாங்க, 1, 2, 19, 21ன்னு நாலு விடை கொடுத்து. ரெண்டுமே கிட்டத்தட்ட ஒண்ணு, ஆக விடை 2. அதைச் சரியா சொன்னது சுமார் நாலுல ஒருத்தர், பாதிக்கு மேல 19ஐயோ 21ஐயோ எடுத்தாங்க. அந்தப் பிள்ளைங்க எல்லாம் இப்ப பெரியவங்க.

தமிழ் பேசறவங்களுக்கு இதுல ஒரு பெரிய வசதி இருக்கு, நாமளே அதைக் கவனிக்கறதில்ல. எங்கிட்ட படிச்ச ஒரு அக்காகிட்ட நோட்டை மூடச் சொல்லிட்டு "அரையும் காலும் சேந்தா எவ்வளவு"ன்னு கேட்டேன். "முக்கால்"னாங்க, இதெல்லாம் ஒரு கேள்வியான்னு பாத்தாங்க. நோட்டைத் திறந்து 1/2 + 1/4ன்னு எழுதினேன். பேனாவை வாங்கி 2/6ன்னு எழுதினாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் விரலை 1/4 மேல வச்சு, "இது கால்தானே?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு அந்த எழுத்து காலுன்னு அதுவரைக்கும் தெரியாது, காலும் தெரியும் 1/4ம் தெரியும், ரெண்டும் ஒண்ணுன்னு யாரும் சேத்து வைக்கலை.

அதனால மருந்து இதுதான், எழுதினதை வாயால தமிழ்ல படிங்க. 3/4ஐ "த்ரீ பை ஃபோர்"னு படிக்காதீங்க, முக்கால்னு படிங்க, முக்கால்னாலே மூணு கால்தான், பேர்லயே கணக்கு இருக்கு. 1/8க்கு அரைக்கால்னு பேர், அதாவது கால்ல பாதி, 1/2 × 1/4 = 1/8ங்கற பெருக்கலை ஒரு சொல்லாவே வச்சிருக்கோம். பேர் இல்லாத பின்னத்தை "அஞ்சுல ரெண்டு"ன்னு கீழ இருக்கறதை முதல்ல சொல்லிப் படிங்க, எத்தனை பங்கா பிரிச்சோம்ங்கறது முதல்ல வருது, அதுல எத்தனை எடுத்தோம்ங்கறது அப்புறம் வருது, நடந்த வரிசையே அதுதானே. வகுத்தலும் அப்படித்தான், 3 ÷ 1/2ன்னு பாத்தா தலைகீழா போட்டு பெருக்குன்னு ஏதோ ஞாபகம் வரும், "மூணுல எத்தனை அரை இருக்கு"ன்னு கேட்டா ஆறுன்னு வந்துடும்.

இப்ப 1/2 + 1/3க்கு வருவோம். ஒரே நீளத்துல ரெண்டு பேப்பர் துண்டு கிழிச்சுக்கோங்க. ஒண்ணை ரெண்டா மடிங்க, இன்னொண்ணை மூணா மடிங்க. பாதி ஒரு அளவு, மூணுல ஒண்ணு வேற அளவு, ரெண்டையும் சேத்து "ரெண்டு துண்டு"ன்னு எண்ண முடியாது. ரெண்டையும் ஒரே அளவு துண்டா மாத்தணும், ரெண்டா மடிச்சதை மறுபடி மூணாவும், மூணா மடிச்சதை மறுபடி ரெண்டாவும் மடிங்க, ரெண்டுலயும் ஆறு ஆறு கட்டம். அரைங்கறது 3 கட்டம், மூணுல ஒண்ணுங்கறது 2 கட்டம், ஆக ஆறுல அஞ்சு. பொதுப்பகுதி எடுக்கறதுன்னு ஸ்கூல்ல சொன்னது இந்த ரெண்டாவது மடிப்பைத்தான். பேப்பரை உண்மையிலயே மடிங்க, மனசுல மடிச்சுக்கலாம்னு விட்டுடாதீங்க, பெரியவங்களுக்கு இது சின்னப்பிள்ளை வேலையா தோணும், ஆனா இந்த ஒரு மடிப்பு செய்யற வேலையை பத்து பக்க பயிற்சி செய்யாது.

அறிகுறி: 0.35 பெருசா 0.4 பெருசான்னு குழப்பம்

"பாயிண்ட் முப்பத்தஞ்சு"ன்னு படிக்கறதுதான் காரணம். முப்பத்தஞ்சு நாலை விடப் பெருசுன்னு காது சொல்லிடுது. "பாயிண்ட் மூணு அஞ்சு"ன்னு ஒவ்வொரு இலக்கமா படிங்க, ஒப்பிடும்போது பின்னாடி பூஜ்யம் போட்டு நீளத்தைச் சமமாக்குங்க, 0.35, 0.40. முடிஞ்சுது. மருந்து அளவு எழுதற இடத்துல வேலை பாக்கறவங்களுக்கு மட்டும் ஒண்ணு கூட சொல்றேன், அங்க .5ன்னு எழுதாம 0.5ன்னு எழுதணும், 5.0ன்னு எழுதாம 5ன்னு எழுதணும்னு விதியே இருக்கு, ஏன்னா புள்ளி கண்ணுக்குத் தப்பினா அளவு பத்து மடங்கா மாறிடும்.

அறிகுறி: சதவீதம் வந்தா எதை எதால வகுக்கறதுன்னு தெரியலை

ஃபார்முலாவை விடுங்க. 10%ங்கறது பத்துல ஒரு பங்கு, அதுல பாதி 5%, பத்துல ஒரு பங்கோட பத்துல ஒரு பங்கு 1%. இந்த மூணு கல்லை வச்சு எதையும் கட்டலாம். 640ல 15% வேணுமா, 64ம் 32ம் சேந்து 96. கஷ்டமா இருந்தா திருப்பிப் போட்டுப் பாருங்க, 25ல 16%ம் 16ல 25%ம் ஒண்ணுதான், 16ல கால் 4.

இது வந்தும் தப்பு வருதுன்னா கோளாறு வேற, எதோட சதவீதம்னு பாக்கலை. 500ஐ 20% கூட்டினா 600, அதை 20% குறைச்சா 500 வராது, 480தான் வரும், ஏன்னா கூட்டும்போது 500ல 20%, குறைக்கும்போது 600ல 20%. அதே மாதிரி "20% கூடி 600 ஆச்சு, முன்னாடி எவ்வளவு"ன்னா 600ல 20% கழிக்கக்கூடாது, 600ங்கறது பழைய எண்ணோட 120%, ஆக 600 ÷ 1.2 = 500. சதவீதம்ங்கற வார்த்தையைப் பாத்ததும் "எதுல?"ன்னு அது மேலயே பென்சில்ல எழுதுங்க, பதிலையும் எழுதுங்க, அதுக்கு அப்புறம்தான் கணக்கு. செய்தியில 4%லேந்து 6% ஆச்சுன்னு வந்தா அது 2 சதவீதப் புள்ளி கூடியிருக்கு, பழைய அளவுல பாத்தா 50% கூடியிருக்கு, ரெண்டுமே சரி, சொல்றவங்க எதைச் சொல்றாங்கன்னு நாமதான் பாக்கணும்.

அறிகுறி: கணக்கா கொடுத்தா வருது, வாக்கியமா கொடுத்தா வரலை

இது ரொம்ப நல்லா படிச்சவங்களுக்கும் இருக்கு. இதைப் பாருங்க: "குமார்கிட்ட 12 புத்தகம் இருக்கு. அது ரவிகிட்ட இருக்கறதை விட 5 அதிகம். ரவிகிட்ட எத்தனை?" 17ன்னு வந்துச்சுன்னா "அதிகம்"ங்கற வார்த்தையைப் பாத்து கூட்டிட்டீங்க. கேள்வியோட உருவத்தைப் பாக்காம வார்த்தையைப் பிடிச்சு கணக்கு போடற பழக்கம் இது, "மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி, அதிகம்னா கூட்டு"ன்னு பரீட்சைக்காக யாரோ கொடுத்த குறுக்கு வழி, பாதி நேரம் வேலை செய்யும், அதனாலதான் விட்டுப் போகவே மாட்டேங்குது. எனக்கு இந்த குறுக்கு வழி மேல ரொம்ப கோவம் உண்டு, படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளை படிக்காம இருக்கப் பழக்குது.

வைத்தியம், எண்ணை எல்லாம் விரலால மறைச்சுட்டு வாக்கியத்தைப் படிங்க. "குமார்கிட்ட கொஞ்சம் இருக்கு, அது ரவியை விட அதிகம்." யார்கிட்ட அதிகம்? குமார்கிட்ட. அப்போ ரவியோடது 12ஐ விடக் குறையணும். இதை முடிவு பண்ணிட்டு விரலை எடுங்க. குமாருக்கு ஒரு நீளமான கோடு, ரவிக்கு அதை விடச் சின்னக் கோடு, வித்தியாசம் இருக்கற இடத்துல 5ன்னு எழுதுங்க, 7ன்னு தானா வரும். கதையை உங்க வாயால வேற வார்த்தையில திருப்பிச் சொல்ல முடிஞ்சாதான் கணக்குல கை வைக்கணும், சொல்ல முடியலைன்னா மறுபடி படிங்க, தாண்டிப் போகாதீங்க.

இதோட பெரிய அண்ணன் ஒண்ணு இருக்கு. "ஒரு பல்கலைக்கழகத்துல ஒரு பேராசிரியருக்கு 6 மாணவர் வீதம் இருக்காங்க. மாணவர் எண்ணிக்கையை மா, பேராசிரியர் எண்ணிக்கையை பேன்னு வச்சு சமன்பாடு எழுதுங்க." நிறைய பேர் 6மா = பேன்னு எழுதுவாங்க, ஏன்னா வாக்கியத்துல "6 மாணவர்"னு சேந்து வருது, அதை அப்படியே இறக்கி வச்சிடறாங்க. இந்தக் கணக்கை ஜான் க்ளெமென்ட்டும் கூட இருந்தவங்களும் 1980 வாக்குல முதல் வருஷ இன்ஜினியரிங் மாணவர்களுக்குக் கொடுத்துப் பாத்தாங்க, மூணுல ஒருத்தருக்கு மேல தப்பா எழுதினாங்க. ஆக உங்களுக்குத் தப்பினா வெக்கப்பட ஒண்ணும் இல்ல. சரி பாக்கறது சுலபம், ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்க, பேராசிரியர் 10 பேர்னா மாணவர் 60. 6 × 60 = 10? இல்ல. 60 = 6 × 10? ஆமா. அப்போ மா = 6பே. எந்த சமன்பாடு எழுதினாலும் இந்த மாதிரி உங்களுக்கே விடை தெரிஞ்ச ஒரு சின்ன எண்ணை உள்ள விட்டுப் பாக்காம அடுத்த வரிக்குப் போகாதீங்க.

அறிகுறி: எக்ஸ் வந்ததும் நின்னுடறேன்

பெரும்பாலும் குற்றவாளி எக்ஸ் இல்ல, சமக்குறி. 8 + 4 = □ + 5ல கட்டத்துக்குள்ள என்ன வரும்? 12ன்னு எழுதினா, இல்லன்னா எல்லாத்தையும் கூட்டி 17ன்னு எழுதினா, உங்களுக்கு = ங்கறது "விடை வருது பார்"ங்கற அறிவிப்பு மாதிரி, கால்குலேட்டர் பட்டன் மாதிரி. அது அப்படி இல்ல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எடைங்கறதுதான் அதோட அர்த்தம், கட்டத்துல 7 வரணும். 1557ல ராபர்ட் ரெக்கார்டுங்கறவர் இந்தக் குறியை முதல்ல அச்சுல போட்டப்போ, ரெண்டு இணைகோட்டை விட சமமான ரெண்டு பொருள் வேற எதுவும் இருக்க முடியாதுன்னுதான் இந்த உருவத்தை எடுத்தாரு. 15 + 20 = 35 + 10 = 45ன்னு ஒரே வரியில ஓட்டி எழுதற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க, 15 + 20ம் 45ம் சமம்னு எழுதற மாதிரி ஆகுது, அது அல்ஜீப்ராவுல வந்து கழுத்தைப் பிடிக்கும். ஒரு வாரம் தராசு மாதிரி கட்டக் கணக்கு மட்டும் போடுங்க, ரெண்டு பக்கமும் ஏதாவது இருக்கற மாதிரி, 9 + □ = 6 + 7 மாதிரி. அப்புறம் கட்டத்தை எடுத்துட்டு எக்ஸ்னு எழுதுங்க, வித்தியாசமே தெரியாது.

அறிகுறி: நேத்து வந்தது இன்னிக்கு வரலை

நேத்து ஒரே மாதிரி இருபது கணக்கு போட்டீங்களா? மூணாவது கணக்குலேந்து யோசிக்கறது நின்னு போயிருக்கும், கை மட்டும் ஓடியிருக்கும். சதவீதம்ங்கற தலைப்புக்குக் கீழ இருக்கற கணக்கு சதவீதம்தான்னு தலைப்பே சொல்லிடுது, வாழ்க்கையில தலைப்பு போட்டு யாரும் தர்றதில்ல. கலந்து போடுங்க, ஒரு பின்னம், ஒரு கழித்தல், ஒரு வாக்கியக் கணக்கு, ஒரு சதவீதம். டக் ரோரர், கெல்லி டெய்லர் ரெண்டு பேரும் 2007ல பாத்தப்போ கலந்து போட்டவங்க பயிற்சி நேரத்துல அதிகம் தப்பு பண்ணாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல ரொம்ப முன்னாடி இருந்தாங்க. அதனால பயிற்சியில தப்பு கூடினா முறை தப்போன்னு விட்டுடாதீங்க. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் ஒரேயடியா உக்கார்றதை விட தினம் இருபது நிமிஷம் போதும், அதுல முதல் அஞ்சு நிமிஷம் நோட்டைத் திறக்காம போன வாரக் கணக்கு ரெண்டு போடுங்க. மறக்கறது இயல்பு, ஹெர்மான் எபிங்ஹவுஸ் 1885லயே தன்னையே வச்சு அதை அளந்து எழுதியிருக்காரு, மறுபடி படிக்கும்போது முன்னை விடக் குறைஞ்ச நேரத்துல வந்துடும்ங்கறதும் அவர் பாத்ததுதான்.

அறிகுறி: கால்குலேட்டர்ல போட்டும் தப்பு

தட்டறதுக்கு முன்னாடி தோராயம் சொல்லுங்க. 48 × 19, கிட்டத்தட்ட 50 × 20, ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறையணும். 912 வந்தா சரி. 9120 வந்தா விரல் எங்கயோ வழுக்கியிருக்கு.

அறிகுறி: இதெல்லாம் மாசக்கணக்கா பண்ணியும் நகரவே இல்ல

இது சிலருக்கு இருக்கு, இவங்களைத்தான் எல்லாரும் சோம்பேறின்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. நாலு புள்ளியைப் பாத்தா எண்ணாம நாலுன்னு சொல்ல முடியலை, 7 பெருசா 9 பெருசான்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும், ஒத்தை இலக்கக் கூட்டலுக்கும் இன்னமும் விரல் வேணும், கடிகார முள்ளைப் பாத்து நேரம் சொல்றது தடுமாறுது, இது எல்லாம் சின்ன வயசுலேந்தே இருக்கு, ஆனா பேச்சு, படிப்பு, மத்த வேலை எல்லாம் நல்லா இருக்குன்னா டிஸ்கால்குலியாவா இருக்கலாம், அதாவது எண்களைப் புரிஞ்சுக்கறதுலயே இருக்கற ஒரு கற்றல் சிரமம். 1970கள்ல லாடிஸ்லாவ் கோஷ்ச் இதைப் பத்தி விரிவா எழுதினாரு, இப்ப நூத்துல 3லேந்து 7 பேர் வரைக்கும் இருக்கலாம்னு பொதுவா சொல்றாங்க. கல்வி உளவியல் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட முறையா சோதிச்சுப் பாருங்க, பெரியவங்களுக்கும் பண்ணுவாங்க. நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க, ஏன்னா மேல சொன்ன பயம் கூட வெளியில பாத்தா இதே மாதிரி தெரியும். இருக்குன்னு உறுதியானா, விரல், எண்கோடு, வாய்ப்பாட்டுச் சீட்டு, கால்குலேட்டர் எல்லாத்தையும் கண்ணாடி போட்டுக்கற மாதிரி தயங்காம வச்சுக்கோங்க, பரீட்சை எழுதறவங்களா இருந்தா கூடுதல் நேரம் கிடைக்குமான்னு அங்க கேட்டுப் பாருங்க. அந்த நோட்டையும் சோதிக்கறவங்ககிட்ட எடுத்துட்டுப் போங்க, நீங்க அழிக்காம வச்ச தப்பு விடைங்க அவங்களுக்கு ரொம்ப உதவும்.